பூஜ்யம் காட்ட வேண்டிய இடம்

முன்சக்கரம் படகின் இரும்பில்,
பின்சக்கரம் தால்காவே துறையின் சேற்றில்.
அந்த இடம் பார்த்துச் செத்தது வண்டி.
ஹெட்லைட் இல்லை, வைப்பர் இல்லை,
உதவிக்குக் கூப்பிட ஹார்னும் இல்லை.
தொண்ணூறு டஜன் முட்டை என் முதுகுக்குப் பின்னால்
மூச்சுக் காட்டாமல் இருந்தது.
அதற்கும் பின்னால் ஒரு பால் லாரி,
ஒரு பள்ளிப் பேருந்து, ஒரு சவ ஊர்தி.
சவத்துக்கு மரியாதை,
யாரும் என்னைத் திட்டவில்லை.

நான்கு நிமிஷம். பிறகு அதுவாகவே
எல்லா விளக்கும் எரிந்தது,
ஒன்றும் நடக்காதது போல.

பேட்டரி மாற்றினேன்.
அடுத்த செவ்வாய் மறுபடி செத்தது.
ஆல்டர்னேட்டர் மாற்றினேன்.
விற்றவன் அபெலார்தோ:
"பழசுதான், எதெல்மிரா, ஆனால் நல்ல பழசு."
நாற்பதாயிரம் பீசோ.
வெள்ளிக்கிழமை சர்ச் வளைவில் செத்தது.
ஃபியூஸ் ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி
விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன்,
முட்டைக்குள் கரு கூடியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல.
எதிலும் இழை அறுந்திருக்கவில்லை.

முட்டைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
எழுதிவைக்கத் தொடங்கினேன்:

பிரேக் மிதித்தால் ரேடியோ வாய் மூடுகிறது.
ஹெட்லைட் போட்டால் வெப்பமுள் சிவப்புக்கு ஏறுகிறது,
ரேடியேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்புதான்.
மழையில் அதிகம்.
(இந்தத் தீவில் மழையில்லாத நாளை வைத்து
எதையும் நிரூபிக்க முடியாது.)
வலது பக்கம் திரும்பினால் சாகிறது.
திரும்பாவிட்டாலும்.
ஆக்ஸிலரேட்டர் பிடித்துக்கொள்கிறது

கடைசி வரியை எழுதிய கையோடு அடித்தேன்.
மிதி வேறு, மின்சாரம் வேறு.

நாத்தனார் யசென்னா சால்மன் பண்ணையில்
பம்புகளுக்கு வயர் இழுப்பவள்.
ஞாயிறு இரவு வந்தாள்,
உடம்பெல்லாம் மீன்தீவன வாடை,
சட்டைப்பையில் மீட்டர்.
நோட்டைக் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.
"இருக்கிறதையெல்லாம் போடுறேன்,
நீ முனையைப் பிடி" என்று உள்ளே ஏறினாள்.
லைட், வைப்பர், ஹீட்டர்.
பேட்டரி மைனஸில் ஒரு முனை,
மட்கார்டின் வெற்று இரும்பில் ஒரு முனை.
பூஜ்யம் காட்ட வேண்டிய இடம்.
காட்டியது நாலு.

நாலா, என்று எட்டிப் பார்க்கக் குனிந்தவள்
பிடிமானத்துக்கு ஆக்ஸிலரேட்டர் கேபிளைப் பற்றினேன்.
கை சுட்டது.
இன்ஜின் ஓடவில்லை,
மிதியில் யார் காலும் இல்லை,
ஒரு வெறும் கம்பி
அடுப்பில் வைத்த கரண்டிபோலச் சுட்டது.
அதன் பிளாஸ்டிக் உறை உருகி வளைந்திருந்தது.
அங்கேதான் பிடித்துக்கொண்டிருக்கிறது மிதி.

அதற்குப் பிறகு தேடல் கொஞ்சம்தான்.
இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே, கீழே,
விரலகலத்தில் ஒரு செம்புப் பின்னல்.
போல்ட்டைத் திருகினால் பச்சைத்தூள் கொட்டியது.
முப்பது வருஷ உப்புக்காற்று தின்று
மீதி வைத்தது மூன்று இழை.
வேலை முடித்த மின்சாரம்
வீடு திரும்புகிற வழி அது.
வழி போனதும்
ரேடியோவுக்குள் புகுந்து பார்த்திருக்கிறது,
வெப்பமுள்ளைத் தள்ளிப் பார்த்திருக்கிறது,
எதுவும் கொள்ளாமல் போகவே
என் கால் மிதிக்கிற கம்பியில் இறங்கி ஓடியிருக்கிறது,
நான் அடித்துவிட்ட வரியின் ஊடாக.

பண்ணையில் கழித்துப்போட்ட கேபிளில்
ஒரு முழம் வெட்டி யசென்னா பூட்டினாள்.
ஹெட்லைட் கோழிக்கூண்டு வரை வெளுத்தது,
கோழிகள் விடிந்துவிட்டதென்று நம்பின.

அபெலார்தோ பணம் தரமாட்டானாம்.
"நான் விற்றது மின்சாரம்,
அது திரும்பிப் போகிற வழிக்கு
நான் எங்கே போவேன்?"
ஒரு சாக்கு மட்டி தந்தான். பாதி மணல்.

இப்போது பிரேக் மிதித்தாலும் ரேடியோ நிற்பதில்லை.
அணைக்கிற குமிழ் தொலைந்து ஆறு வருஷம்.
படகில் ஏறி, இறங்கி, மேடு முடியும் வரை
வானிலை அறிக்கையை முழுசாய்க் கேட்டாக வேண்டும்:
மேற்கிலிருந்து காற்று,
மதியத்துக்கு மேல் மழை,
இரவிலும்.